நான் வைத்த வால்

டப்ளினில் இருக்கும் உன் தங்கை அனுப்பிய பார்சல் இன்று காலை வந்து சேர்ந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிய உடனேயே, கத்தி எடுக்கப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்துக் கிழித்தேன். உள்ளே நீ இங்கிலிஷ் பாடம் எழுதிய கொப்பி. பச்சை மட்டை, அதன் நடுவில் வெளிறிப்போன ஒரு பெரிய திட்டு. திறந்ததும் வரெக்கினா மணம் மூக்கில் ஏறியது. துணி வெளுக்க இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஊற்றுகிற அந்த மருந்துத் தண்ணீரின் மணம். வழக்கு முடியும்வரை நீதிமன்ற அலுமாரியில் கிடந்தும் அது போகவில்லை. இன்று வேலைக்கு வரமாட்டேன் என்று நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவுக்குப் போனில் சொல்லிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

தமிழில்தான் எழுதுகிறேன். இதில் ஓர் எழுத்துக்கூட உனக்குத் தெரியாது. ஆனால் இங்கிலிஷில் உனக்கு ஒரு வரி எழுதவும் இனி எனக்கு உரிமை இல்லை. நாம் பேசியது பாதி இத்தாலியன், பாதி இங்கிலிஷ், இடையிடையே உன் ரஷ்யன். இருந்தும் உன் குரல் என் தலைக்குள் எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், கோபிக்காதே.

முதல் நாளே நாம் இரத்தத்தோடுதான் அறிமுகமானோம். பல்லரோ சந்தையில் மீன்கடைகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்த ஒருவன் என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தான். வார் அறவில்லை, நான்தான் விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்துபோயிற்று. எங்கிருந்தோ ஓடிவந்த நீ, மூன்று கிலோ உருளைக்கிழங்குப் பையை வீசி அவன் தலையில் அடித்தாய். அவன் ஸ்கூட்டரோடு சரிந்தான், மூக்கால் இரத்தம். நீ விடவில்லை. ஒவ்வொரு உதைக்கும் "கெற் அப்! கெற் அப்!" என்று கத்தினாய். எழும்பு என்கிறாளே என்று அந்தப் பாவி எழும்ப, நீ மறுபடி உதைத்தாய். காதில் மாட்டிய போனில் இங்கிலிஷ் பாடம் ஓடிக்கொண்டிருந்ததாம், அதனால் வாயிலும் அதுவே வந்ததாம். நீ சொல்ல நினைத்தது "கெற் அவே". போய்த் தொலை என்று.

நான் நிலத்தில் கிடந்தபடியே உன்னைத் திருத்தினேன். முழங்கையால் இரத்தம் வடிய வடிய, "அப் இல்லை, அவே" என்றேன். மன்னாரில் பதினொரு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவள் நான். பலெர்மோவுக்கு வந்து கிழவிகளைக் குளிப்பாட்டுகிறேன். என்ன வேலை செய்தால் என்ன, நாய் வாலை நிமிர்த்த முடியுமா? பிழையைக் கண்டால் என் வாய் தானாகத் திறக்கும். நீ என்னைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "ப்ரொபெஸ்ஸோரெஸ்ஸா" என்று ஒரு கும்பிடு போட்டாய். ஆசிரியை அம்மா! உன்னைவிட ஒரு வயது இளையவளுக்கு நீ கொடுத்த அந்தப் பட்டம் கடைசிவரை நின்றது.

பிறகு பார்த்தால், சீசா என்கிற பகுதியில் ஒரே கட்டடத்தில்தான் இருவருக்கும் வேலை. இரண்டாம் மாடியில் நீ ஒரு படுக்கைக் கிழவரைப் பார்த்தாய், நான்காம் மாடியில் நான் ஒரு சின்யோராவை. வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு லீவு. மொட்டைமாடியில், துணி காயும் கொடிகளுக்குக் கீழே, துவைக்கிற கல்தொட்டியின் பக்கத்தில் நம் வகுப்பு நடந்தது. டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் உனக்கு வேலை கிடைக்க வாய்ப்பிருந்தது. போனில் கேள்வி கேட்பார்கள், இங்கிலிஷில் பதில் சொல்ல வேண்டும். தேறினால் நீ போய்விடலாம். ஏன் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கட்டிய மனிசனின் கை பதிந்திருந்த இடது கன்னத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

இங்கிலிஷில் உனக்கு இருந்த தலைவலி வால்கள்தான். அப், ஓஃப், அவே, வித் என்று வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பொருளையே புரட்டிவிடுகிற சின்னச் சொற்கள். நீ எப்போதும் அவற்றை விட்டுவிடுவாய். அது உன் குற்றமில்லை. ரஷ்யனில் அந்த வேலையைச் சொல்லின் முன்னால் நிற்கிற ஓர் அசை பார்த்துக்கொள்ளும், பின்னால் எதுவும் தேவைப்படாது.

"எங்களுக்குத் தலை, அவைக்கு வால்," என்றாய்.

"எங்களுக்கும் வால்தான்," என்றேன் பெருமையாக. விடு என்பது ஒன்று, விட்டுக்கொடு என்பது வேறு, விட்டெறி என்பது இன்னொன்று. ஆகவே இங்கிலிஷின் வால்கள் தமிழருக்குத் தாய்ப்பாலோடு வந்தவை என்று அன்று நான் அளந்த அளப்பை நினைத்தால் இப்போது வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இங்கிலிஷ்காரரின் வாயில் எல்லாமே அடிதடியாக இருப்பது உனக்கு வேடிக்கை. கிளம்பினால் ரோட்டை அடிக்கிறார்கள். செத்தால் வாளியை உதைக்கிறார்கள். வாழ்த்த வேண்டுமென்றால் காலை உடைத்துக்கொள் என்கிறார்கள். சும்மா இருந்தால் நேரத்தைக் கொல்கிறார்கள்.

"நேரத்தை நாங்களும் கொல்லுறனாங்கள்," என்றாய். "நீங்கள்?"

"நாங்கள் பொழுதைப் போக்குறனாங்கள். அது தன்பாட்டில போகும்."

"நல்ல சனம்," என்றாய். "கொல்லாமல் போக விடுறியள்." எங்கள் நாட்டில் எங்கள் கண்முன்னே நடந்ததை உனக்குச் சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை.

இன்னொரு வியாழன், ரஷ்யனில் தலை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டினாய். மேற்கையில் மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு பழைய கன்றல். "இது பீத். சும்மா அடி." சட்டையை இடுப்பிலிருந்து தூக்கினாய். விலாவில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. "இது இஸ்பீத். அடிச்சு நொறுக்கிறது." பிறகு விரலை மடித்துக் கணக்குச் சொன்னாய். "உபீத் எண்டால் அடிச்சுக் கொல்லுறது. டபீத் எண்டால் முந்தி அடிச்சு அரை உயிராக் கிடக்கிறதை முழுசா முடிக்கிறது. அது ரெண்டும் இன்னும் வரேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாய். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது.

நான் அழுதிருக்க வேண்டும். அல்லது உன்னை அந்த நிமிடமே என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "இஸ்பீத்துக்கு பீற் அப், டபீத்துக்கு பினிஷ் ஓஃப். ஓஃப்பை விட்டிடாதை," என்றேன். நீயும் நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டாய். இடப்பக்கம் இங்கிலிஷ், அதற்கு நேரே வலப்பக்கம் ரஷ்யன். நான் ஒரு திருத்தம் சொன்னால் அதற்கு எதிரே உன் சொல்லை வைக்காமல் நீ ஒருநாளும் கொப்பியை மூடியதில்லை.

'புற் அப் வித்' படிப்பித்த நாளில் உனக்குக் கோபம் வந்தது. பொறுத்துக்கொள்ள மூன்று சொல் எதற்கு என்று கேட்டாய். தமிழில் ஒன்றே போதும், பொறு என்றேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பழமொழி வேறு எடுத்துவிட்டேன்.

"பூமியை ஆளுறதோ, பூமிக்குள்ள போறதோ?" என்றாய். அன்றோடு அந்தப் பழமொழியை நான் விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி வியாழன் நீ படியேறி ஓடிவந்தாய். வேலை கிடைத்துவிட்டது, பத்து நாளில் பயணம். என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாய், கொடியிலிருந்த சின்யோராவின் விரிப்பு நம்மோடு சேர்ந்து விழுந்தது. அதை மறுபடி வரெக்கினாவில் ஊறப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொப்பி உன் மடியில் திறந்திருந்தது. அப்போது கதவு சுவரில் அடித்துத் திறந்தது.

வந்தவன் உன் மனிசன். உன் போனில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. உன் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையைத் தொட்டி விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான். தேங்காய் உடைக்கிற சத்தம். விரிப்போடு வாளியைத் தூக்கி வரெக்கினா முழுவதையும் அவன் முகத்தில் ஊற்றினேன். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான், குருட்டாட்டமாக உதைத்தது என் வயிற்றில் விழுந்தது. நீ அவன் கையைக் கடித்தாய். அவன் குத்தக் குத்த நீ விடவில்லை, சதை கிழிந்து உன் நாடியால் அவன் இரத்தம் வடிந்தது. போலீசைக் கூப்பிடுவேன் என்று கீழ்மாடியில் ஒரு பெண் கத்திய பிறகுதான் படியால் இறங்கி ஓடினான்.

ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அவன் கண்ணெரிந்து அலறியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒரு வாளி இருந்தால் அதையும் ஊற்றியிருப்பேன். கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவில்லை.

கொப்பி நனைந்து கிடந்தது. நடுப்பக்கங்களில் மை கரைந்து ஓடிவிட்டது. அடிக்கு நீ எழுதிய தலைகளும் நான் எழுதிக்கொடுத்த வால்களும் போன இடம் தெரியவில்லை. போலீசுக்குப் போவம் என்றேன், என் வீட்டுக்கு வா என்றேன். நெற்றிக் காயத்தில் துணியை அழுத்திக்கொண்டு மறுத்தாய். "பத்து நாள்தானே. கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பன். பிறகு நான் கெற் அவே." வால் சரியாக வந்துவிட்டது. நான் உன்னை மெச்சினேன். கடவுளே, அந்த நேரத்திலும் மெச்சினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சின்யோராவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது உன் மெசேஜ் வந்தது. "ஹீ சே ஹீ பினிஷ் மீ." வழக்கம்போல வாலில்லாத வாக்கியம். எனக்கு மனம் குளிர்ந்தது. முடித்துக்கொள்ளப் போகிறானாம், பிரிந்துபோகச் சம்மதித்துவிட்டான், வரெக்கினா வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். 'வித்' போட வேண்டும், சரியாகத் திரும்ப எழுது என்று அனுப்பினேன். நீ உடனே எழுதினாய்: "ஹீ செய்ஸ் ஹீ வில் பினிஷ் வித் மீ." என்னோடு உறவை முடித்துக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம். கீழே ஒரு பூ. தாங்க் யூ ப்ரொபெஸ்ஸோரெஸ்ஸா.

பின்னேரம் வீட்டில் என் மனிசனிடம் இதைச் சொன்னேன். உனக்கு அவரைத் தெரியும், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், இங்கிலிஷில் நாலு சொல்லுக்கு மேல் வராது. தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"பினிஷ் எண்டால் முடிக்கிறதுதானே? அப்ப அவன் முடிச்சுப்போடுவன் எண்டெல்லே சொல்லியிருக்கிறான்."

எங்கள் தமிழில் அதற்கு ஒரே பொருள்தான். கொன்றுவிடுவேன். நான் சிரித்தேன். "உங்களுக்கு இங்கிலிஷ் விளங்காது, சும்மா இருங்கோ."

"எனக்கு இங்கிலிஷ் விளங்காதுதான். நேற்று உம்மட வயித்தில உதைச்சவன் இண்டைக்கு ஒழுங்காப் பிரிஞ்சு போவானோ?"

நான் கேட்கவில்லை. 'பினிஷ்' என்பதற்கும் 'பினிஷ் வித்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன்.

சனி காலையில் இரண்டாம் மாடிக் கிழவர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நீ வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பஸ் பிடித்து, நீ குடியிருந்த ஒரேத்தோவுக்கு ஓடினேன். உன் வீட்டுக் கதவு கீலோடு பிடுங்கப்பட்டுச் சாய்ந்து கிடந்தது. சுவரில், என் தலை உயரம்வரை, நான் பார்த்ததை எழுத என் கை மறுக்கிறது. உன்மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது, சப்பாத்து போட்டிருந்தாய். சூட்கேஸ் திறந்து கிடந்தது. மடித்து அடுக்கிய உடுப்புகள், அதன்மேல் இந்தக் கொப்பி, கொப்பிக்குப் பக்கத்தில் அவன் கட்டட வேலைக்குக் கொண்டுபோகிற சுத்தியல். நான் கூச்சலிட்டது எந்தப் பாஷையில் என்று எனக்குத் தெரியாது. இரண்டு போலீஸ்காரர் என்னைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

வழக்கில் அவன் சொன்னது இது. பிரிந்துபோகத்தான் நினைத்தானாம், நீதான் சுத்தியலோடு பாய்ந்தாயாம், உயிர் தப்பப் பிடுங்கி அடித்தானாம். அவனுடைய வக்கீல் எழும்பி உன் போனிலிருந்த வாக்கியத்தை வாசித்தான். முதலில் எழுதியதை அல்ல, நான் திருத்தியதை. பிறகு என் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகச் சொன்னான்: பதினொரு வருடம் இங்கிலிஷ் படிப்பித்த இந்தச் சின்யோராவே பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார், இறந்தவரும் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கிறார். என் பதினொரு வருடத்தையும் எடுத்து அவன் தன் கட்சிக்காரனின் தலைக்குமேல் குடையாகப் பிடித்தான்.

நான் எழும்பி நின்றேன். "பிழை விட்டது நான்," என்றேன் இத்தாலியனில். "அவள் எழுதினதுதான் சரி. நான் பிழையான வால் வைச்சிட்டன்." வால் என்றால் என்ன என்று நீதிபதி அம்மா கேட்டார். சொன்னேன். மொட்டைமாடியில் உனக்குச் சொன்னதுபோலவே, அழுதுகொண்டே, உதாரணங்களோடு சொன்னேன். ஆனால் என் மனவருத்தம் சாட்சியாகுமா? வக்கீல் புன்னகை செய்தான். தோழியை இழந்த துயரம் என்றான். அவன் தப்பிவிடுவான், என் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே தப்பிவிடுவான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அந்தக் கணத்தில் உன் பழக்கம் நினைவுக்கு வந்தது. "கொப்பியைத் திறவுங்கோ," என்று கத்தினேன். "கடைசியா எழுதின பக்கம். அவள் நான் திருத்தினதை எழுதாமல் விடமாட்டாள்."

திறந்தார்கள். வரெக்கினா படாத பின்பக்கம் ஒன்றில், வெள்ளிக்கிழமை நீ எழுதிய ஒரே வரி. இடப்பக்கம் 'பினிஷ் வித்'. எதிரே, அவன் உனக்குச் சொன்ன சொல், ரஷ்ய எழுத்தில். அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. மொழிபெயர்ப்பாளர் அதை உரக்க வாசித்தார். "டப்யூ." அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உன் மனிசன் தலை நிமிர்ந்தான். தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்தான். டபீத் என்பதை ஒருவன் தானே செய்வேன் என்று சொன்னால் அப்படித்தான் வருமாம். முன்பு அடித்ததை இனி அடித்து முடிப்பேன் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்க, வக்கீல் உட்கார்ந்துவிட்டான். கொலை என்றே தீர்ப்பாயிற்று.

எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான்தான் வழக்கை வென்றேனாம். என் மனிசன் மட்டும் பஸ்ஸில் என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். முடிச்சுப்போடுவன் என்ற சொல் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எதற்காகவும் எழும்பியதில்லை.

இப்போது யார் பிழையாக எழுதினாலும் நான் திருத்துவதில்லை. கோயிலில் ஒரு பெண் போன கிழமை தன் மகன் அனுப்பிய இங்கிலிஷ் மெசேஜைக் காட்டிச் சரியா என்று கேட்டாள். "அவன் சுகமாய் இருக்கிறானோ?" என்றுதான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தக் கேள்விக்குறியைப் பற்றித்தான் இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதை நீ நம்பவில்லை. உன் சொல்லுக்கும் என் சொல்லுக்கும் இடையில் ஏதோ பொருந்தவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. பார்த்துச் சரிபிடிக்க அந்தப் பழைய பக்கம் இல்லை, அதை நான் ஊற்றிய வரெக்கினா தின்றுவிட்டது. அடுத்த வியாழன் என்னிடம் கேட்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறாய்.

சற்று முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். பலசரக்குக் கடையில் வாங்கிய சிவப்புப் பேனை ஒன்று மேசை லாச்சியில் கிடந்தது. 'வித்' என்பதை வெட்டி 'ஓஃப்' என்று எழுதினேன். உன் கேள்விக்குறிக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல, பெரிதாக ஒரு சரி போட்டேன்.